ஜனவரியில் பிறந்தவர்கள்

தடகளத்தில் உடையாத சாதனை இல்லை என்பார்கள். ஆனால் இனி யாராலும் உடைக்க முடியாத இரண்டு சாதனைகள் உண்டு. ஒன்று, 2011 ஜூலையில் பிரான்சின் லீல் நகரில் கென்யாவின் ஃபெயித் கிப்யேகோன் 1,500 மீட்டரில் ஓடிய 4 நிமிடம் 9.48 விநாடி. மற்றது, 2013 ஜூலையில் உக்ரைனின் தோனெட்ஸ்க் நகரில் ஐஸ்லாந்தின் அனிதா ஹின்ரிக்ஸ்தோத்திர் 800 மீட்டரில் ஓடிய 2 நிமிடம் 1.13 விநாடி. இவை எட்டாத வேகங்கள் அல்ல. கிப்யேகோனே பின்னாளில் அதே தூரத்தை இருபது விநாடி குறைவாக ஓடிவிட்டார். சாதனை நிலைத்திருப்பதற்குக் காரணம் வேறு: அந்தப் போட்டியே இன்று இல்லை.

உலக இளையோர் தடகளச் சாம்பியன்ஷிப் 1999இல் போலந்தின் பிட்கோஷ் நகரில் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய், 2017இல் நைரோபியில் பத்தாவது முறையோடு நின்றது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 16 அல்லது 17 வயது நிரம்புகிறவர்களுக்கானது அது. இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான ஜூனியர் உலகப் போட்டி இதற்கு ஒரு படி மேலே. அது இன்றும் நடக்கிறது. நின்றுபோனது கீழ்ப்படி மட்டுமே.

பத்துப் போட்டிகளின் பதக்கப் பட்டியலை, பெண்கள் 800 மீட்டர், 1,500 மீட்டர் என்ற இரண்டு வரிசைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். சில பெயர்கள் ஒலிம்பிக் மேடை வரை வருகின்றன. சில பெயர்களை அதற்குப் பிறகு எங்குமே காணோம். பதினேழு வயதில் கழுத்தில் விழுந்த பதக்கத்தை ஜாதகமாக வாசிக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ‘அடுத்த ஒலிம்பிக் வீராங்கனை’ என்று மறுநாள் பத்திரிகை எழுதும், கூட்டமைப்பு திட்டம் போடும், உள்ளூர்ப் பெரியவர்கள் பொன்னாடை போர்த்துவார்கள். அந்தப் பதக்கம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதுதான் என் கேள்வி. பந்தயத்தின் தன்மையைப் பார்க்காமல் பதில் காண முடியாது.

நடுத்தரத் தூர ஓட்டம் இரண்டுங்கெட்டான் ஓட்டம். நூறு மீட்டரில் வேகம் இருந்தால் போதும்; மாரத்தானில் தாக்குப்பிடித்தால் போதும். 800 மீட்டரில் இரண்டும் வேண்டும், கூடவே ஒரு சூதாடியின் கணக்கும் வேண்டும். முதல் வளைவு வரை அவரவர் லேனில் ஓடி, பிறகு எல்லோரும் உள்கோட்டை நோக்கிச் சரிகிறார்கள். அந்த ஒரு கணத்தில் முழங்கைகள் உரசும், ஸ்பைக்ஸ் கணுக்காலைக் கீறும், யாராவது தடுக்கி விழுவதும் உண்டு. அங்கே கிடைத்த இடமே பல சமயம் முடிவிலும் நிலைக்கும். இரண்டு நிமிட ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, மூச்சில் உள்ளிழுத்த ஆக்சிஜன் தருகிறது. மீதி கடன். கடனை எங்கே வாங்குவது என்பதுதான் உத்தி. முதல் சுற்றிலேயே வாங்கிவிட்டவள் கடைசி நூறு மீட்டரில் வட்டியோடு கட்டுவாள். தொடையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருக்கும் என்பது ஓடியவர்கள் சொல்வது.

1,500 மீட்டர் மூன்றே முக்கால் சுற்று. லேன் கிடையாது, வளைந்த கோட்டில் எல்லோரும் தோளோடு தோள் நின்று கிளம்புவார்கள். பணம் புரளும் பெரிய பந்தயங்களில் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க ஒருவரை அமர்த்துவார்கள். சாம்பியன்ஷிப்பில் அந்த வசதி இல்லை. அதனால் இறுதிப் பந்தயங்கள் பல, முதல் இரண்டு சுற்றில் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நடையாகவும், மணி அடித்த பிறகு வேறொரு பந்தயமாகவும் மாறிவிடும். 2017 நைரோபியில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற எத்தியோப்பியாவின் லெம்லெம் ஹைலு, கிப்யேகோனின் லீல் நேரத்தைவிடப் பத்து விநாடிக்கும் மேல் மெதுவாக ஓடித்தான் வென்றார். அவர் சளைத்தவர் அல்லர்: 2022இல் பெல்கிரேடு உலக உள்ளரங்குப் போட்டியில் 3,000 மீட்டர் தங்கம் அவருக்கே. நேரத்தை மட்டும் வைத்து இளம் ஓட்டக்காரியை எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தவறுகிறார்கள்.

800 மீட்டருக்குத் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று சில நாட்களுக்குள் மூன்று முறை ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்த ஊர் மைதானத்தில் ஒருநாள் அபாரமாக ஓடுவது வேறு. அந்நிய ஊரில், பழக்கமில்லாத சாப்பாட்டோடு, முந்தின நாள் ஓடிய கால்களோடு மறுபடி கோட்டில் போய் நிற்பது வேறு.

இனி ஜனவரிக்கு வருவோம். கிப்யேகோன் பிறந்தது 1994 ஜனவரி 10. லீலில் ஓடத் தகுதி பெற்றவர்கள் 1994இலும் 1995இலும் பிறந்தவர்கள். ஹின்ரிக்ஸ்தோத்திர் பிறந்தது 1996 ஜனவரி 13. தோனெட்ஸ்கில் ஓடத் தகுதி பெற்றவர்கள் 1996, 1997இல் பிறந்தவர்கள். உடைக்க முடியாத இரண்டு சாதனைகளும் தத்தம் போட்டியின் ஆக மூத்த பெண்களில் ஒருவருடையவை என்று அர்த்தம். அதே கோட்டில் நின்ற, அடுத்த ஆண்டு டிசம்பரில் பிறந்த பெண்ணுக்கும் இவர்களுக்கும் வயது வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. முப்பது வயதில் இரண்டு ஆண்டு ஒரு பொருட்டில்லை. பதினாறில் அது பெரிய இடைவெளி: இரண்டு ஆண்டுப் பயிற்சி, இரண்டு ஆண்டு எலும்பு, இரண்டு ஆண்டு பந்தய அனுபவம்.

பிறந்த மாதம் விளையாட்டு வாழ்வைத் தீர்மானிக்கிறது என்று சோதிடர் சொன்னால் சிரிப்போம்; ஆனால் ஆய்வாளர்களே சொன்னார்கள். 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாக இருந்தது தெரிந்தது. வயதுப் பிரிவின் கதவு ஜனவரி 1இல் திறக்கிறது. முதலில் நுழைந்தவர்கள் வளர்ந்தவர்கள். வளர்ந்தவர்களைத் திறமைசாலிகள் என்று பயிற்சியாளர் நினைத்துக்கொள்கிறார். நல்ல பயிற்சி அவர்களுக்குப் போகிறது. பிறகு அவர்கள் உண்மையிலேயே திறமைசாலிகள் ஆகிவிடுகிறார்கள். பல விளையாட்டுகளில் பிறகு இதே சாயல் கண்டறியப்பட்டது. பெண்களிடம் ஆண்களைவிட இது மெலிதாகவே தெரிகிறது. அதற்கான காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டு ஜனவரிகளை வைத்து விதி எழுதிவிடக் கூடாது என்பதற்கு ருமேனியாவின் எலேனா லாவ்ரிக் சாட்சி. 1991 பிப்ரவரியில் பிறந்த அவர் 2007இல் செக் நாட்டின் ஆஸ்ட்ராவாவில் 800 மீட்டர் தங்கம் வென்றபோது இளைய ஆண்டுக்காரர், வயது பதினாறு. மறு ஆண்டு பிட்கோஷில் ஜூனியர் உலகத் தங்கம், 2010இல் கனடாவின் மாங்க்டனில் மறுபடி ஜூனியர் உலகத் தங்கம். நான்கு ஆண்டில் மூன்று உலகப் பட்டம். இந்த வயதுப் பிரிவுகளில் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மூத்தோர் உலகப் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ 800 மீட்டரில் அவர் பெயரில் ஒரு பதக்கமும் இல்லை.

தேதி பற்றிப் பேசும்போது நம்மூர் நினைப்பு வராமல் இருக்காது. ஒரு தலைமுறைக்கு முன் பள்ளியில் சேர்ந்தவர்களின் சான்றிதழைப் புரட்டினால் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் மலிந்திருப்பார்கள். தலைமையாசிரியர் பையனின் உயரத்தைப் பார்த்து, ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஒரு தேதியை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். பிறப்புப் பதிவு நெடுங்காலம் தளர்ந்து கிடந்த நாடுகளில் எல்லாம் வயதுப் பிரிவுப் போட்டி என்பது காகிதத்தை நம்பி நடப்பது. கென்யாவும் எத்தியோப்பியாவும் இந்தச் சந்தேகத்தைத் தொடர்ந்து சுமந்தன; இந்தியப் பள்ளி விளையாட்டிலும் வயதுக் குறைப்பு புதிய செய்தி அல்ல. ஆனால் ஆப்பிரிக்கப் பெண் வென்றாலே வயதைக் கேட்பதும், ஐரோப்பியப் பெண் வென்றால் பயிற்சியைப் புகழ்வதும் ஆராய்ச்சி அல்ல, பழக்கதோஷம்.

லீல் நகரை ஒட்டிய வில்நவ் தஸ்க் மைதானத்துக்குத் திரும்புவோம். அந்த 2011 ஜூலையில் 800 மீட்டரை வென்றவர் அமெரிக்காவின் அஜே வில்சன், 2 நிமிடம் 2.64 விநாடி. வெள்ளி பிரிட்டனின் ஜெசிகா ஜட்டுக்கு. 1,500 மீட்டரில் கிப்யேகோன். மூவரையும் பிறகு பின்தொடர்ந்து பார்த்தால் ஒரே வாசலில் இருந்து மூன்று தெரு பிரிவது தெரியும்.

வில்சன் அடுத்த ஆண்டு பார்சிலோனாவில் ஜூனியர் உலகப் பட்டமும் வென்றார். 2017இல் மொனாக்கோவில் 1 நிமிடம் 55.61 விநாடி ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தார். 2017 லண்டன், 2019 தோஹா உலகப் போட்டிகளில் வெண்கலம், 2022இல் உலக உள்ளரங்குத் தங்கம். ஆனால் ரியோவிலும் டோக்கியோவிலும் அரையிறுதியோடு நின்றார். ஒலிம்பிக் இறுதியில் அவர் ஓடியதே இல்லை. ஜட் 800 மீட்டரை விட்டு மெல்ல மெல்ல நீளத் தூரங்களுக்கு நகர்ந்து, பத்து ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். இரண்டு சுற்றுக்காரி இருபத்தைந்து சுற்றுக்காரி ஆனதை லீலில் யார் ஊகித்திருப்பார்கள்?

கிப்யேகோனின் வரலாறு நேர்கோடாகத் தெரிகிறது. ஆனால் அது பின்னோக்கிப் பார்ப்பதால் வரும் மயக்கம். லீலுக்கு நான்கு மாதம் முன் ஸ்பெயினின் புண்டா உம்ப்ரியாவில் நடந்த உலகக் குறுக்குநாட்டு ஓட்டத்தில், ஜூனியர் பிரிவில், வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றிருந்தார். 2012இல் ஜூனியர் உலகப் பட்டம். 2013 மாஸ்கோவில் மூத்தோருடன் ஓடி ஐந்தாம் இடம். 2015இல் பெய்ஜிங்கில் வெள்ளி. ரியோவில் தங்கம் வந்தபோது லீல் முடிந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. 2018இல் மகள் பிறந்தாள். அந்த ஆண்டு பந்தயங்கள் இல்லை. திரும்பி வந்து டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தங்கம்; தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரை வென்ற முதல் பெண் அவர். 2023இல் 3:49.11, 2024இல் 3:49.04, 2025இல் 3:48.68 என்று உலகச் சாதனையை மூன்று முறை திருத்தி எழுதினார். கடைசி முறை அவருக்கு வயது 31. இதில் பதினேழு வயதுத் தங்கத்தின் பங்கு என்ன? அது ஒரு கதவைத் திறந்தது. அதற்குப் பிறகான படிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் ஏறப்பட்டவை. அவசரமின்மையைத்தான் நான் இங்கே கவனிக்கச் சொல்வேன்.

தோனெட்ஸ்கில் கதை வேறு. 2013இல் ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை மூன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. நம் மாவட்டத் தலைநகர் ஒன்றின் கூட்டம். அங்கிருந்து வந்த பெண் உலகப் பட்டம் வென்றார். அதே மாதத்தில் இத்தாலியின் ரியெட்டியில் ஐரோப்பிய ஜூனியர் பட்டமும் வென்றார். முன்னால் போய் நின்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் ஹின்ரிக்ஸ்தோத்திரின் பாணி. வயதுப் பிரிவில் அது யானைப் பலம். மூத்தோர் பந்தயத்தில், பின்னால் காற்று படாமல் ஒளிந்து வருகிறவர்கள் கடைசி வளைவில் தாண்டிப் போய்விடுவார்கள். 2017இல் ஐரோப்பிய உள்ளரங்கு வெண்கலம் வென்றார். 800 மீட்டரில் இரண்டு நிமிடத்துக்குள் வருவதற்கு ஒரு சில நூறிலொரு விநாடிகளே குறைந்த அளவுக்கு வந்து நின்றார். தோனெட்ஸ்கில் அவருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த அமெரிக்கப் பெண் ரேவன் ராஜர்ஸோ 2019இல் உலக வெள்ளியும் டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலமும் வென்றார். ஜாதகம் எழுதியவர் வரிசையை மாற்றி எழுதிவிட்டார்போலும். (தோனெட்ஸ்க் நகரமே அடுத்த ஆண்டு போரில் சிக்கியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.)

அதே 1996இல் பிறந்த அமெரிக்காவின் மேரி கெய்ன் தோனெட்ஸ்கில் ஓடவில்லை. அந்தக் கோடையில் அவர் 800 மீட்டரை 1 நிமிடம் 59.51 விநாடியில் ஓடியிருந்தார். அதாவது போட்டிக்கு வந்திருந்தால் ஹின்ரிக்ஸ்தோத்திருக்கே கடினமான எதிரி. வயதுப் பிரிவைத் தாண்டி நேராக மாஸ்கோ உலகப் போட்டிக்குப் போய், பதினேழு வயதில் 1,500 மீட்டர் இறுதியில் ஓடிப் பத்தாவதாக வந்தார். அமெரிக்கா உலகப் போட்டிக்கு அனுப்பியவர்களிலேயே இளையவர். 2014இல் 3,000 மீட்டரில் ஜூனியர் உலகப் பட்டமும் வென்றார். பிறகு மெல்ல மறைந்தார். ஏன் என்பதை 2019இல் ஒரு காணொளியில் அவரே சொன்னார்: எடை குறை, குறை என்ற இடைவிடாத நெருக்கடி, மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன.

மாதவிடாய் நின்றதற்கும் எலும்பு முறிந்ததற்கும் உள்ள தொடர்பு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். செலவாகும் அளவுக்கு உணவு உள்ளே போகாதபோது, உடல் அவசரமில்லாத துறைகளின் விளக்கை அணைக்கத் தொடங்குகிறது. முதலில் அணைவது இனப்பெருக்கத் துறை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பைக் காப்பது அந்த ஈஸ்ட்ரோஜன். வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். அந்த வைப்பு நிதியைத்தான் பட்டினி ஓட்டம் கரைக்கிறது. இது எலும்போடு மட்டும் நிற்பதில்லை, இதயம், நோய் எதிர்ப்பு, மனம் வரை போகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை விரித்துச் சொன்னது. கூடவே இரும்புச்சத்துக் குறைவு. ஆக்சிஜனை நம்பி ஓடுகிற பெண்ணுக்கு ரத்தசோகை என்றால், வண்டி இருக்கிறது, பெட்ரோல் இல்லை.

ஜனவரிப் பெண்களின் அனுகூலம் ஏன் மெலிதாக இருக்கிறது என்பதற்கு விடையும் இங்கேதான். பையன்களுக்குப் பருவ வளர்ச்சி என்பது ஓட்டத்தில் கிட்டத்தட்ட வரவு மட்டுமே: தசை, ரத்தச் சிவப்பணு, உயரம். பெண்ணுக்கு அது வரவும் செலவும். பூப்பெய்திய பிறகு இடுப்பு அகலும், கொழுப்பு சேரும், ஓட்டத்தின் நடை மாறும். பதினான்கில் பறந்தவள் பதினாறில் அதே நேரத்தைத் தொடத் திணறுவது நோய் அல்ல, இயல்பு. ஓரிரு ஆண்டு பொறுத்தால் புதிய உடலுக்குப் புதிய பலம் வரும். பொறுக்காத பயிற்சியாளர், பழைய உடலைத் திரும்பக் கேட்கிறார். ‘வயசுக்கு வந்துட்டா, இனி அவ்வளவுதான்’ என்று நம் பள்ளி மைதானங்களில் விளையாட்டாசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் காலி செய்த ஓட்டக்காரிகளை எந்தப் பதக்கப் பட்டியலும் கணக்கெடுக்காது.

பெண்ணுடல் இந்தத் தூரத்தைத் தாங்காது என்ற பயம் பழையது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி வெள்ளி. ஒன்பது பேர் கிளம்பினார்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஆனால் பாதிப் பேர் பாதியில் விழுந்தார்கள் என்ற ரீதியில் பத்திரிகைகள் எழுதின. ஓடி முடித்தவர் தரையில் சாய்ந்து மூச்சு வாங்குவதை ஆணிடம் பார்த்தால் வீரம், பெண்ணிடம் பார்த்தால் விபரீதம். 1960 ரோம் வரை அந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டு! 1,500 மீட்டர் 1972இல்தான் வந்தது. ஓடாதே என்று காத்த காலம் போய், சாப்பிடாதே, ஓடு என்று விரட்டும் காலம் வந்தது. இரண்டிலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் போனதன் உச்சம் 1990களின் சீனா. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களின் 800 மீட்டர் உலகச் சிறப்பு நேரம் இன்னும் 1993இல் பெய்ஜிங்கில் சீனாவின் வாங் யுவான் ஓடிய 1:57.18. 1,500 மீட்டருக்கு 1997இல் ஷாங்காயில் சாங் லிங் ஓடிய 3:54.52. இரண்டுமே சீனாவின் தேசிய விளையாட்டுகளில் ஓடியவை. உலக இளையோர் போட்டியின் சாதனைகள் இவற்றுக்கு அருகில்கூட வரவில்லை. அந்தக் காலச் சீனப் பெண்களின் நெடுந்தூர நேரங்கள் மீது அப்போதே கேள்வி இருந்தது. புகழ்பெற்ற அணி ஒன்றின் வீராங்கனைகள், தங்களுக்கு ஊக்கமருந்து திணிக்கப்பட்டதாக 1995இல் எழுதிய கடிதம் 2016இல் சீன ஊடகத்தில் வெளியானது. தனித்தனியாக யார் மீதும் குற்றம் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் ஒரு தேசிய விளையாட்டில் அள்ளிக் குவித்த நேரங்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்து வியப்பதைவிடச் சந்தேகப்படுவதே எனக்கு எளிதாக இருக்கிறது.

இந்தத் தூரத்துக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 2008 அக்டோபரில் புனேவின் பாலேவாடி மைதானத்தில் காமன்வெல்த் இளையோர் விளையாட்டு நடந்தது. பெண்கள் 800 மீட்டரில் 2 நிமிடம் 4.23 விநாடியில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் பதினேழு வயதுக் காஸ்டர் செமன்யா. மூன்று மாதம் முன்புதான், லாவ்ரிக் தங்கம் வென்ற அதே பிட்கோஷ் ஜூனியர் உலகப் போட்டியில், அவர் தகுதிச் சுற்றோடு வெளியேறியிருந்தார். புனேயில் அவரைப் பார்த்தவர்கள் பெரிதாக எதையும் ஊகித்திருக்க முடியாது. பத்து மாதம் கழித்து பெர்லினில் 1:55.45 ஓடி உலகச் சாம்பியன் ஆனார். உடனே அவர் உடல் உலகத்தின் விவாதப் பொருள் ஆயிற்று.

அந்த விவாதம் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே தெரியும். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. செய்தி தொலைக்காட்சி வழியே ஊருக்கு வந்தது. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி, அறிவித்திருந்த 15 லட்ச ரூபாயை அதன் பிறகும் கொடுத்தார். 2018இல் உலகத் தடகளக் கூட்டமைப்பு டெஸ்டோஸ்டிரோன் வரம்பை விதித்தபோது 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களை மட்டும் குறிவைத்தது. நடுத்தரத் தூரம்தான் இலக்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எல்லாப் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை என்ற விதி வந்தது. இனி ஒரு பதினாறு வயதுப் பெண், தன்னைப் பற்றித் தானே அறியாத ஒன்றை ஒரு விளையாட்டு ஆய்வகத்திடமிருந்து கேட்டு அறிய நேரலாம். அந்த அறையில் அவளோடு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

கடைசிப் போட்டி 2017 ஜூலையில் நைரோபியின் கசரானி மைதானத்தில். பாதுகாப்பைக் காரணம் சொல்லி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகள் அணி அனுப்பவில்லை. கென்ய மக்கள் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார்கள். இளையோர் போட்டிக்கு எங்கும் இல்லாத கூட்டம். இறுதி நாளில் அறுபதாயிரம் பேர் கொள்ளும் மைதானம் நிரம்பி வழிந்தது. பெண்கள் 800 மீட்டரைக் கென்யாவின் ஜாக்லின் வாம்புய் வென்றபோது எழுந்த சத்தம் ஒலிம்பிக் மைதானங்களுக்கும் பொறாமை தரக்கூடியது. அப்போதே போட்டியை நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது. பதினாறு, பதினேழு வயதினரைக் கண்டம் தாண்டி அலைக்கழிப்பதைவிடக் கண்ட அளவிலான போட்டிகளை வளர்ப்பது நல்லது என்பது கூட்டமைப்பின் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐரோப்பியக் கண்டப் போட்டியும் ஆப்பிரிக்கக் கண்டப் போட்டியும் பணத்திலோ கவனத்திலோ ஒன்றல்ல. கென்ய மலைப்பக்கத்துப் பெண் கிப்யேகோனை உலகத்துக்குக் காட்டிய கதவு ஒன்று மூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூடியதால் வேகம் குறைந்துவிடவில்லை. டோக்கியோவில் 800 மீட்டர் தங்கமும் வெள்ளியும் வென்ற அத்திங் மூ, கீலி ஹாட்ஜ்கின்சன் இருவரும் 2002இல் பிறந்தவர்கள். 2019இல் இளையோர் போட்டி நடந்திருந்தால் அவர்கள் ஆண்டு அது. ஹாட்ஜ்கின்சன் 2018இல் ஹங்கேரியின் கியோரில் ஐரோப்பிய இளையோர் பட்டத்தோடு அந்தப் படியைத் தாண்டினார். இலங்கையின் தருஷி கருணாரத்ன, வலல ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி, 2023இல் ஆசிய ஜூனியர், ஆசிய மூத்தோர் பட்டங்களை அடுத்தடுத்து வென்று, அக்டோபரில் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் பெற்றார். வயது 18. இலங்கைக்கு ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் 21 ஆண்டுக்குப் பின் வந்த தங்கம். பிரிட்டனின் ஃபீபி கில் 2024 மே மாதம் பதினேழு வயதில் 1:57.86 ஓடி, 1979 முதல் நின்ற ஐரோப்பிய இளையோர் சாதனையை உடைத்து, பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதி வரை போனார். இவர்களைப் பற்றியும் இப்போது ஜாதகங்கள் எழுதப்படுகின்றன.

பழைய பட்டியலில் இன்னொரு பெயர் உண்டு. 2005இல் மொராக்கோவின் மராகேஷில் நடந்த நான்காவது இளையோர் போட்டியில் 1,500 மீட்டர் தங்கம் வென்றவர் கென்யாவின் ஷீலா செப்கிருய். ஒலிம்பிக் டிராக்கில் அவரை யாரும் காணவில்லை. 2024 நவம்பர் 3ஆம் தேதி, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் கடைசி மேட்டில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடிக்கும் தறுவாயில், பக்கத்தில் வந்தவரை விட்டு மெல்ல விலகி முன்னேறினார். மராகேஷ் முடிந்து பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. மாரத்தான் வெற்றி நேரம் 2 மணி 24 நிமிடம் 35 விநாடி.